புதுப்பிப்பு: அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தேனே

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா காலமானதைச் சொல்லி, அவரிடம் படித்தவர்கள் நினைவுகளைப் பகிருங்கள் என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது.

ஒரு மாணவி எழுதியதை மட்டும் சொல்லியாக வேண்டும். 1982-இல் இங்கே சிங்கப்பூரில் அவர் வேலை பார்த்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்ட பிறகு அப்பா ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போனார். அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டும்தான். வீட்டில் தமிழே பேசாத அந்தப் பெண்ணை, பள்ளி விட்டதும் தினம் அரை மணி நேரம் உட்கார வைத்து ல, ள, ழ சொல்லிக்கொடுத்தாராம். இன்று அவரும் தமிழாசிரியை. அப்பா இதை வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. பஸ் தாமதம் என்றே அம்மா இத்தனை வருடம் நினைத்திருந்தார். வாசித்துக் காட்டியபோது அழுதுவிட்டார்.

எங்களுக்குத் தெரிந்த அப்பா வேறு. ஞாயிறு காலை தேக்கா சந்தையில் மீன் வாங்கி, தானே கழுவிக் கொடுப்பார். அம்மாவுக்கு மல்லிகைச் சரம் வாங்க மறந்ததே இல்லை.

சரி, அவருடைய அகராதிகளைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். என் மகள் வைத்துக்கொள்கிறாள். ஓரங்களில் தாத்தாவின் பென்சில் குறிப்புகள் இருக்கின்றன.