புதுப்பிப்பு: பிரெஞ்சு வகுப்பில் விளையாட்டு

விளையாட்டு ஆரம்பித்ததும் மாணவர்கள் தாய்மொழிக்குத் தாவிவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது நிலைமை பரவாயில்லை.

அதிகம் உதவியது படத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டுதான். இருவரிடமும் கிட்டத்தட்ட ஒரே படம் இருக்கும். அடுத்தவர் படத்தைப் பார்க்காமல், பேசியே மாற்றங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். தனக்குத் தெரியாதது மற்றவரிடம் இருப்பதால் கேள்வி கேட்காமல் தப்பிக்க முடியாது. 'உன் படத்தில் நாய் இருக்கிறதா?', 'எந்தப் பக்கம்?', 'திரும்பச் சொல்' போன்ற வாக்கியங்களை முதலிலேயே பிரெஞ்சில் பலகையில் எழுதிவைத்தேன். தாய்மொழி குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, பாவம், கையில் வாக்கியம் இல்லாமல்தான் தடுமாறியிருக்கிறார்கள்.

ஒருவர் வாசிக்கும் எண்களை மற்றவர்கள் தங்கள் அட்டையில் தேடிக் குறிக்கும் பிங்கோ எண்களுக்கு நல்லது, ஆனால் காதுக்குத்தான் பயிற்சி. எண்களை வாசிக்கும் வேலையை மாணவர்களிடமே கொடுத்தபின் கொஞ்சம் உருப்பட்டது.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் உருவாக்கிய, கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்துகாட்டும் முறையையும் ஒருவர் சொல்லியிருந்தார். உடனே பேச வேண்டிய கட்டாயம் இல்லாததால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பிடித்திருக்கிறது. பெரியவர்கள்தான் எழுந்து நிற்கவே கூச்சப்படுகிறார்கள்.

அப்புறம், புள்ளி போடுவதை நிறுத்திவிட்டேன். வேகமாகப் பதில் சொல்லும் ஓரிருவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது இறந்தகாலம். அதற்கு ஏற்ற விளையாட்டு தெரிந்தால் சொல்லுங்கள்.