புதுப்பிப்பு: 0014 ஒருவழியாகத் திரும்பியது

கடலூர் முதுநகர் மீன் வியாபாரி ஒருவருக்கு எழுதும் கணக்கு ஆப்பில், ஜாங்கோ (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) மைக்ரேஷன், அதாவது டேட்டாபேஸ் அட்டவணைகளை மாற்றும் கோப்பு, 0014-ஐ ரத்து செய்து 0013 நிலைக்குத் திருப்ப முடியவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். தீர்ந்தது.

தப்பு என்னுடையதுதான். எடைப் பத்தியை நிரப்ப ரன்பைத்தான் (மைக்ரேஷனுக்குள் பைத்தான் நிரலை ஓட்டும் கட்டளை) போட்டவன், ரிவர்ஸ் கோடு (திருப்பும்போது ஓட வேண்டிய நிரல்) தரவில்லை. ஜாங்கோ கையை விரித்துவிட்டது. அங்கே நோ-ஆப் (noop, எதுவும் செய்யாத நிரல்) போட்டேன், நகர்ந்தது.

அப்புறம்தான் நிஜ வம்பு. நான் பயன்படுத்தும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் அட்டவணை மாற்றங்களை டிரான்சாக்‌ஷன் காப்பாற்றாது; பாதியில் தவறினால், அதுவரை நடந்த மாற்றம் தானாகப் பழையபடி ஆகாது. திருப்பும்போது முதலில் எடைப் பத்தி அழிந்தது. அடுத்து விலைப் பத்தியை 'நாட் நல்' (காலியாக இருக்கக் கூடாது) ஆக்கும்போது விலை காலியான வரிசைகள் இடித்து நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினால், இல்லாத பத்தியைத் தேடுகிறது! எடைப் பத்தியைக் கையாலேயே சேர்த்து, காலி விலைகளில் 0 போட்டு ஓட்டினேன். சரியாகிவிட்டது.

ஃபேக் (--fake) ஆப்ஷன் போடச் சொன்ன நண்பருக்கு: அது எந்தெந்த மைக்ரேஷன் ஓடியது என்ற பதிவேட்டை மட்டுமே மாற்றும், அட்டவணையைத் தொடாது. நல்லவேளை, பேக்கப் எடுத்திருந்தேன்.