புதுப்பிப்பு: ஓரியன் நெபுலா (ஓரியன் விண்மீன் கூட்டத்திலுள்ள வாயு, தூசி மேகம்) படத்தில் கிடைத்துவிட்டது

உப்புவெளி வளவிலிருந்து கேமராவில் 30 விநாடி எக்ஸ்போஷர் (ஒளி பதியும் நேரம்) வைத்தால் நட்சத்திரமெல்லாம் கோடாக இழுபடுகிறதே என்று போன மாதம் கேட்டிருந்தேன். மவுண்டின் (வானம் சுழல்வதற்கேற்பக் கேமராவைத் திருப்பும் தாங்கி) அச்சைச் சரிபாருங்கள் என்றார் ஒரு அண்ணா. அதுதான் காரணம்: அச்சு வானத்தின் வட துருவத்தை நோக்கி இருக்கவில்லை. வழக்கமாகத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் அதைச் சரிசெய்வார்கள். திருகோணமலையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 8.5 பாகை உயரத்தில்தான். எனக்கு அது பக்கத்து வளவுத் தென்னைகளுக்குப் பின்னால். அதனால், வேறு நட்சத்திரங்கள் விலகி நகர்வதைப் பார்த்துத் திருத்தும் டிரிஃப்ட் முறைக்கு மாறினேன். உச்சிக்கு அருகே ஒரு நட்சத்திரம் வடக்கே தெற்கே நகர்வதைப் பார்த்து மவுண்டை இடம் வலமாகத் திருத்தினேன். அப்புறம் கிழக்கே தாழ்வாக உள்ள ஒன்றைப் பார்த்து அச்சின் உயரத்தை. பொறுமை வேண்டும், ஆனால் வேலை செய்கிறது.

30 விநாடிப் படங்கள் 80, மொத்தம் 40 நிமிடம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினேன். நெபுலாவின் சிறகு போன்ற பகுதிகள் இரண்டும் விரிந்து தெரிகின்றன! 1,300 ஒளியாண்டுக்கும் அப்பால் இருந்து வந்த வெளிச்சம். நடுவிலுள்ள டிரப்பீசியம் என்ற பிரகாசமான நட்சத்திரக் கூட்டம் மட்டும் வெளிச்சம் மிஞ்சி வெளுத்துவிட்டது; அதற்கு 2 விநாடிப் படங்களைத் தனியே எடுத்துச் சேர்க்கப் போகிறேன்.