புதுப்பிப்பு: அண்ணாவுக்கு இரண்டாவது இருக்கை இலவசமாகவே கிடைத்தது

ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் போக, உடல் பருத்த அண்ணாவுக்கு இரண்டு டிக்கெட் எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

'ஒருவருக்கு ஒரே கட்டணம்' விதியைச் சுட்டிக்காட்டிய யோசனைதான் கைகொடுத்தது. உடல் பருமனால் இயலாமை உள்ளவருக்கு இரண்டாவது இருக்கை தேவைப்பட்டால் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது என்று, கனடியப் போக்குவரத்து முகமை 2008 ஜனவரியில் ஏர் கனடா, வெஸ்ட்ஜெட் விமான நிறுவனங்களுக்குப் பிறப்பித்த உத்தரவு அது. மருத்துவர் நிரப்பிய படிவத்தை முன்கூட்டியே அனுப்பினோம். ஒரு டொலர்கூடக் கேட்கவில்லை.

எதிர்பாராதது, அந்த அளவெடுப்பு. மருத்துவர் அண்ணாவை உட்காரவைத்து இடுப்பின் அகலத்தை நாடாவால் அளந்தார். முடியும்வரை அண்ணா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உடல்வாகுக்கு அபராதம் கட்டச் சொல்வது அநியாயம் என்பதில் எனக்கு இப்போது துளியும் சந்தேகமில்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: விதி உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டுமே. கொழும்புக்குப் போக இது உதவாது.

நடுக் கைப்பிடியை உயர்த்திவிட்டு, வன்கூவர்வரை அண்ணா நன்றாகத் தூங்கினார்.