லூஸ் ஃபார்வர்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

வணக்கம்.

ரக்பிச் சொற்பட்டியலில் ஸ்க்ரம் (எட்டுக்கு எட்டுப் பேர் பிணைந்து தள்ளுவது), லைன்அவுட் (ஓரக்கோட்டிலிருந்து எறியும் பந்துக்குத் தாவுவது), ரக் (தரையில் கிடக்கும் பந்தின் மேல் இரு தரப்பும் நின்று முட்டித் தள்ளுவது) மூன்றையும் அப்படியே எழுதுவது, டேக்கிளுக்குக் கபடியிலிருந்து ‘பிடி’யை எடுத்துக்கொள்வது என்ற அளவுக்கு வந்துவிட்டோம். அடுத்து நிற்பது லூஸ் ஃபார்வர்ட், அதாவது 6, 7, 8 எண்களில் ஆடும் முன்கள வீரர். இதற்கு ஒரு சொல் அமையாமல் தேசிய அணித் தேர்வைப் பற்றி ஒரு பத்திகூட எழுத முடியவில்லை. நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எதுவானாலும், 6, 7, 8 ஆகிய மூன்று சட்டைகளை யாருக்குக் கொடுத்தார்கள் என்று வரும்போது பேச்சு சூடுபிடித்துவிடுகிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: பதினைந்து பேரில் எட்டுப் பேர் முன்கள வீரர்கள். ஸ்க்ரமில் 1 முதல் 5 வரை இருப்பவர்கள் (1, 3 பிராப்; 2 ஹூக்கர்; 4, 5 லாக்) இறுகப் பிணைந்து எதிரணியின் பாரத்தை நேராக வாங்குகிறார்கள். 6, 7 இருவரும், அதாவது ஃப்ளாங்கர்கள், இரண்டு ஓரங்களில், பக்கத்து லாக்கை ஒரு கையால் பற்றிக்கொண்டு தோள் கொடுக்கிறார்கள். 8 கடைசியில், இரண்டு லாக்குகளுக்கும் நடுவே தலையை நுழைத்துத் தள்ளுகிறார். பந்து வெளியே வந்த நொடியில் முதலில் கிளம்புகிறவர்கள் இந்த மூவர்தான்.

என் முன்மொழிவு ‘உதிரி முன்கள வீரர்’. பூக்காரரிடம் கட்டின பூவா, உதிரிப்பூவா என்று கேட்டுத்தானே வாங்குகிறோம்? 1 முதல் 5 வரை கட்டின பூ, மீதி மூன்றும் உதிரி. கேட்டதும் விளங்குகிற சொல் என்று நினைக்கிறேன்.

மடல் 2

ஐயா, பூ உவமை அழகாக இருக்கிறது. ஆனால் விளையாட்டுப் பக்கத்தில் ‘உதிரி’ ஏற்கெனவே கைப்பற்றப்பட்ட சொல். கிரிக்கெட்டில் உதிரி என்றால் பேட்டில் படாமல் வந்த ஓட்டம். கடைத்தெருவில் உதிரிபாகம் என்றால் மாற்றிப் போட வாங்குகிற சாமான். ரக்பியில் மாற்று ஆட்டக்காரர்கள் பெரிய விஷயம் என்பதால் குழப்பம் இங்கே இரட்டிப்பாகும்.

கணக்கைப் பாருங்கள். ஆட்டத்துக்கு 23 பேர். களத்தில் 15, இருக்கையில் 8. அந்த எட்டில் மூன்று இடம் ஹூக்கருக்கும் இரண்டு பிராப்புகளுக்கும் போய்விடும். முன்வரிசைக்குப் பயிற்சி இல்லாதவரை அங்கே நிறுத்தினால் கழுத்து முறியும் ஆபத்து இருப்பதால் விதியே அப்படி. மிச்சம் ஐந்து இடம். வழக்கமான 5-3 பிரிவில் (முன்களத்துக்கு 5, பின்களத்துக்கு 3) அந்த ஐந்து இடமும் ஒரு லாக், ஒரு லூஸ் ஃபார்வர்ட், மூன்று பின்கள வீரர்கள். தென்னாப்பிரிக்கா 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு 6-2 என்று போனது. 2023 இறுதி ஆட்டத்துக்கு 7-1. அந்த ஏழில் குவாகா ஸ்மித், ஜாஸ்பர் வீசா இருவரும் லூஸ் ஃபார்வர்டுகள். இதை எழுதும்போது ‘இருக்கையில் இரண்டு உதிரி முன்கள வீரர்கள்’ என்று போட்டால், எட்டுப் பேருமே உதிரிதானே என்று வாசகர் கேட்பார். அவர் கேட்பது நியாயம்.

பிரெஞ்சுக்காரர்கள் இவர்களை ‘மூன்றாம் வரிசை’ என்கிறார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அதுவேதான். நாமும் அதை எடுத்துக்கொள்ளலாமே?

மடல் 3

‘மூன்றாம் வரிசை’ களத்தில் பார்ப்பதற்குப் பொருந்தவில்லை. பழைய ஸ்க்ரம் 3-2-3 என்று நின்றது. அப்போது பின்னால் மெய்யாகவே மூன்று பேர் வரிசையாக இருந்தார்கள். இன்றைய அமைப்பு 3-4-1. 6, 7 இருவரும் லாக்குகளோடு இரண்டாம் வரிசையில் நிற்கிறார்கள், மூன்றாவதில் 8 மட்டும். படம் போட்டு விளக்கும்போது வரிசையை எண்ணிப் பார்க்கும் மாணவன் திகைப்பான். பிரெஞ்சில் அது பழகிப்போன பெயர். புதிதாகச் சொல் ஆக்குகிற நாம் ஏன் நூறாண்டுக்கு முந்தைய அமைப்பைச் சுமக்க வேண்டும்?

மடல் 4

இதுவரை வந்த மூன்று மடல்களும் 6, 7, 8க்கு மட்டும் பெயர் தேடுகின்றன. எனக்குப் படுவது, இது தனிச்சொல்லாக நிற்காது. 1 முதல் 5 வரைக்கும் சேர்த்து ஒரு இணை வேண்டும். தேர்வு விவாதத்தின் பாதி, யார் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குத் தாண்டுகிறார் என்பதுதான்.

2019 அரையிறுதி, யோகோஹாமா, இங்கிலாந்தும் நியூசிலாந்தும். நியூசிலாந்து 6ஆம் எண் சட்டையை ஸ்காட் பாரெட்டுக்குக் கொடுத்தது. அவர் லாக். 7 ஆர்டி சவேயா, 8 கீரன் ரீட். அதனால் சாம் கேன் இருக்கைக்குப் போனார். கணக்கு லைன்அவுட் சார்ந்தது: உயரத் தாவிப் பந்தைப் பிடிக்க இரண்டு லாக்குகளோடு மூன்றாவதாக இன்னொரு லாக் கிடைத்தால், எதிரணி வீசும் பந்தையும் குறிவைக்கலாம். இழப்பு தரையில். எதிரே 6 டாம் கரி, 7 சாம் அண்டர்ஹில், இருவருமே பிடி போட்டு எழுந்து மறுபடி பிடி போடுகிற ரகம். ஒருவர் விழுந்ததும் அங்கே முதலில் போய்ச் சேர்வது, தன் கால்களிலேயே நின்று, முழங்கையையோ கையையோ தரையில் ஊன்றாமல், ரக் உருவாகும் முன்பே பந்தில் கை வைப்பது: இதற்குத் தாழ்ந்த இடுப்பும் முதல் பத்து மீட்டர் வேகமும் வேண்டும். ஒரு நொடி பிந்தினால் ரக் உருவாகிவிடும். அதன்பின் கை வைத்தால் தண்டனை உதை எதிரணிக்கு. இடைவேளையில் பாரெட்டை எடுத்துவிட்டு கேனை இறக்கினார்கள். ஆட்டம் 19-7 என்று இங்கிலாந்துக்குப் போனது. தோல்விக்கு அந்த ஒரு தேர்வுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விவாதம் அதைச் சுற்றித்தான் நடந்தது. அதைத் தமிழில் ஒரே வரியில் சொல்ல முடிகிறதா? அதுதான் நம் சொல்லுக்குச் சோதனை.

என் முன்மொழிவு: 1 முதல் 5 வரை ‘கட்டு ஐவர்’, 6 முதல் 8 வரை ‘அவிழ் மூவர்’. தனியாளுக்குக் ‘கட்டுவீரர்’, ‘அவிழ்வீரர்’. அப்போது மேலே சொன்ன தேர்வு இப்படி ஆகிறது: ‘நியூசிலாந்து ஒரு கட்டுவீரரை அவிழ்வீரர் இடத்தில் நிறுத்தியது.’

ஏன் ‘அவிழ்’? மாட்டைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிடுகிறோம், முடிச்சு அவிழ்கிறது. முதலில் கட்டு இருந்தது, பிறகு விட்டது என்ற இரண்டும் அந்த ஒரே சொல்லில் உண்டு. இது முக்கியம். ஸ்க்ரம் முடியும்வரை 6, 7, 8 மூவரும் பிணைப்பை விடக்கூடாது. முன்னதாகக் கையை எடுத்தால் நடுவர் ஊதுவார். அதோடு, ஃப்ளாங்கரின் தோள் பிராப்பின் பிட்டத்துக்குக் கீழே கொடுக்கும் முட்டுதான் பிராப்பை வெளியே சாயாமல் நேராக வைத்திருக்கிறது. ஒட்டாமல் சும்மா நிற்கிறவர் என்ற நினைப்பைத் தருகிற எந்தச் சொல்லும் தப்பு. ‘உதிரி’யில் அந்தக் குறை உண்டு. ‘தளர்’ அதைவிட மோசம்: 2023 இறுதியில் பீட்டர்-ஸ்டெஃப் டு டோயிட் 28 பிடி போட்டு ஆட்ட நாயகன் ஆனார். அவரைத் ‘தளர் முன்கள வீரர்’ என்று எழுத எனக்குக் கை வராது.

பழம்படைச் சொற்களையும் பார்த்தேன். முன்னால் போகும் படை தூசி, பின்னால் வரும் படை கூழை. ‘கூழை வீரர்’ இலக்கணத்துக்குச் சரி, இன்றைய காதுக்குக் ‘கூழைக் கும்பிடு’தான் கேட்கும். விட்டுவிட்டேன்.

மடல் 5

அக்கா, கட்டு/அவிழ் இணை எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பக்கம் றகரம் போட்டு ‘றக்பி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எழுத்து எப்படி இருந்தாலும் ‘அவிழ் மூவர்’ தலைப்பில் நன்றாக நிற்கும். கொழும்பு றோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவ (ட்ரினிட்டி) கல்லூரிக்கும் நடக்கும் பிராட்பி கேடய றக்பியைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கும் உதவும். இரண்டு விசயம் மட்டும் சேர்க்கவேணும்.

முதலாவது, இந்த மூவருக்குள் உள்ள பிரிவு. ‘ஓப்பன் சைட்’, ‘பிளைண்ட் சைட்’ என்பதைத் ‘திறந்த பக்கம்’, ‘குருட்டுப் பக்கம்’ என்று போட வேண்டாம். களத்தில் நடப்பதைச் சொல்லுவோம்: 70 மீட்டர் அகலமுள்ள மைதானத்தில் ஓரக்கோட்டிலிருந்து 15 மீட்டரில் ஸ்க்ரம் நடந்தால் ஒரு பக்கம் 15 மீட்டர், மறுபக்கம் 55. ஆகவே ‘குறும்புறம்’, ‘அகல்புறம்’. பந்து பெரும்பாலும் அகல்புறத்துக்குப் போவதால் அந்தப் பக்கத்து ஃப்ளாங்கர் விரைந்து ஓடிப் பந்து பறிக்கிறவராக இருப்பார். குறும்புறத்தவர் பொதுவாக உயரமும் கனமும் கூடியவர். பக்கத்தால் உடைத்துக்கொண்டு வரும் எதிரணியின் 8ஐ மறிப்பதும் லைன்அவுட்டில் தாவுவதும் அவர் வேலை. ஸ்க்ரம் இடம் மாறினால் அகல்புறமும் மாறும். இவர்களும் பக்கம் மாறி நிற்பார்கள். அதனால் இடது, வலது என்று பெயரில் வைத்துவிடக்கூடாது.

இரண்டாவது, எண்ணைப் பெயரோடு கட்டாதீர்கள். நியூசிலாந்தில் 7 அகல்புறம், 6 குறும்புறம். ரிச்சி மெக்கா 7, ஜெரோம் கைனோ 6. தென்னாப்பிரிக்காவில் தலைகீழ்: சியா கொலிசி 6 போட்டுக்கொண்டு அகல்புறத்தில் ஆடுகிறார், டு டோயிட் 7 போட்டுக்கொண்டு குறும்புறத்தில். ‘அகல்புறம் (7)’ என்று பட்டியலில் எழுதினால் ஒரு நாட்டுக்குச் சரி, மற்ற நாட்டுக்குப் பிழை. 2015 இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா டேவிட் பொகாக்கை 8இல் போட்டது. மைக்கேல் ஹூப்பர் 7. இருவருமே அகல்புறத்து ஆட்கள். தரையில் பந்து பறிக்க இரண்டு பேர் கிடைத்தார்கள், லைன்அவுட்டில் தாவ ஆள் குறைந்தது. மூவரில் அந்தச் சுமை முக்கியமாக 6ஆம் எண் ஸ்காட் ஃபார்டி மேல் விழுந்தது. நியூசிலாந்து 34-17.

மடல் 6

மடல் 1 எழுதியவன்தான். ‘உதிரி’யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். புதிய சொற்களை ஒரு முழுப் பத்தியில் ஓட்டிப் பார்த்தால்தான் எங்கே தட்டுகிறது என்று தெரியும். 2023 இறுதி ஆட்டம், பாரிஸ்:

‘நியூசிலாந்தின் அவிழ் மூவர் ஷானன் ஃப்ரிசெல், சாம் கேன், ஆர்டி சவேயா. தென்னாப்பிரிக்காவுக்கு சியா கொலிசி, பீட்டர்-ஸ்டெஃப் டு டோயிட், டுவான் வெர்மியூலன். தொடங்கிய சில நிமிடங்களில் ஹூக்கர் போங்கி எம்போனாம்பி காயத்தோடு வெளியேற, இருக்கையிலிருந்து வந்தவர் டியான் ஃபூரி. ஹூக்கராகவும் ஆடத் தெரிந்த அவிழ்வீரர் அவர். ஓர் அவிழ்வீரர் கட்டு ஐவருக்குள் போனதன் விலை லைன்அவுட்டில் தெரிந்தது. பந்தை எறிய வேண்டியவர் ஹூக்கர்தானே. மறுபுறம், முதல் பாதியிலேயே கேன் சிவப்பு அட்டை வாங்க, நியூசிலாந்து தன் அகல்புறத்தவரை இழந்து 14 பேரோடு ஆடியது. 12-11, தென்னாப்பிரிக்கா.’

ஓடுகிறது. 2019இல் கட்டுவீரர் அவிழ் இடத்துக்கு வந்ததும் 2023இல் அவிழ்வீரர் கட்டுக்குள் போனதும் ஒரே இணைச் சொல்லில் அடங்குகின்றன. ‘லாக்காகத் தொடங்கி அவிழ்வீரர் ஆனவர்’ என்று டு டோயிட்டைச் சொல்லவும் முடிகிறது.

ஒரு தட்டல் உண்டு. ‘அவிழ்’ தனியே வந்தால் வேட்டி அவிழ்ந்தது நினைவுக்கு வரும். அதனால் தனியே எழுதக்கூடாது. ‘அவிழ்வீரர்’, ‘அவிழ் மூவர்’ என்று சேர்த்தே எழுத வேண்டும். ‘அவிழ் ஆட்டம்’ போன்ற தொடர்களைத் தவிர்க்கலாம்.

மடல் 7

ஒப்புதல். 8ஆம் எண்காரருக்குத் தனிப்பெயர் தேவையில்லை, ‘எட்டாம் எண்’ போதும், ஆங்கிலத்திலும் எண்தான். ஃப்ளாங்கருக்கு ‘விலாவீரர்’ என்று வைத்தால் ‘அகல்புற விலாவீரர்’, ‘குறும்புற விலாவீரர்’ என்று இயல்பாக வருகிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மடல் 8

‘விலாவீரர்’ சரி. ஸ்க்ரமை ஓர் உடம்பாகப் பார்த்தால் அவர்கள் நிற்கும் இடம் விலாதான். பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

கட்டு ஐவர்: 1 முதல் 5 வரை எண்ணுள்ள முன்கள வீரர்கள். ஒருமை: கட்டுவீரர்.

அவிழ் மூவர்: ஸ்க்ரம் முடிந்ததும் முதலில் பிரிந்து ஓடும் மூன்று முன்கள வீரர்கள்; இரண்டு விலாவீரர்கள், ஓர் எட்டாம் எண். ஒருமை: அவிழ்வீரர். அகல்புற, குறும்புற விலாவீரர்களின் எண் நாட்டுக்கு நாடு மாறும்.

பந்து பறிப்பவருக்கு, அதாவது ‘ஜாக்கல்’ என்பதற்கு, தனி இழை தொடங்குகிறேன். ‘நரி’ என்று மொழிபெயர்க்க வேண்டாம் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.