47 வயதில் ஷில்டன் ஆடியது நிஜமா, பேருக்கா?

வெண்ணாறு வாசி:
நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். சம்பா அறுத்ததும் உளுந்து தெளிக்காமல் கிடக்கும் வயலில் அரிதாளைச் செதுக்கிவிட்டு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) நடத்துவோம். எங்கள் கீப்பர் அண்ணனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, பையன்கள் மாற்றச் சொல்கிறார்கள். அவர் அசைவதாக இல்லை. “பீட்டர் ஷில்டன் 47 வயசுல ஆயிரமாவது மேட்ச் ஆடினாருடா” என்று ஒரே அடியாக அடித்துவிடுகிறார். எனக்கு இங்கிலாந்து கீப்பர் ஷில்டன் என்றால் 1986 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் மரடோனா அவரைத் தாண்டிக் கையால் தட்டிப் போட்ட கோல்தான் தெரியும். அந்த 47 கணக்கு உண்மையா? உண்மையென்றால் பெரிய கிளப்பிலா, இல்லை சும்மா பேருக்கா?

கொள்ளிடம் குமார்:
கணக்கு உண்மைதான். 1996 டிசம்பர் 22, லேட்டன் ஓரியண்ட் அணிக்கு, பிரைட்டனை எதிர்த்து. 2-0 ஜெயித்தார்கள், அவர் கோல் எதுவும் விடவில்லை. ஆனால் ஓரியண்ட் அப்போது இங்கிலாந்து லீக்கின் நாலாவது அடுக்கில் இருந்த கிளப். அதற்கு முன் பிளைமவுத்தில் ஆட்டக்காரரும் மேனேஜருமாக இருந்தார், அங்கிருந்து விலகியதும் விம்பிள்டன், போல்டன், கோவென்ட்ரி, வெஸ்ட் ஹாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆயிரத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி என்றதும் ஓரியண்டுக்கு இறங்கி வந்து முடித்தார், மொத்தம் 1005 லீக் ஆட்டம். என்னைக் கேட்டால் அந்தக் கடைசிக் காலம் பிடிவாதம்தான்.

மாயவரம் கார்த்தி:
குமார் சொல்வதைப் பாதிதான் ஏற்கிறேன். வாலை மட்டும் பார்த்துவிட்டு ஆளை எடை போடக்கூடாது. லெஸ்டரில் 16 வயதிலேயே முதல் அணியில் இறங்கியவர். உலகக் கோப்பை ஜெயித்த கார்டன் பேங்க்ஸ் அதே கிளப்பில் கீப்பர், 1967-ல் அவரை ஸ்டோக் சிட்டி கிளப்புக்கு விற்றுவிட்டு இந்தப் பையனை நிறுத்தினார்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். 1977-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் போனார். அந்த சீசனில் 37 லீக் ஆட்டத்தில் விட்டது வெறும் 18 கோல், ஃபாரஸ்ட் சாம்பியன். அடுத்து 1979, 1980 என இரண்டு வருடமும் கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பை, இரண்டு ஃபைனலும் 1-0. ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்போடு ஆடிய 1980 ஃபைனலைப் பாருங்கள், ஃபாரஸ்ட் முன்னால் போகவே மாட்டேன் என்று பின்னால் குந்திக்கொண்டது, கோப்பை கைக்கு வந்ததில் பெரும்பங்கு ஷில்டனுடையது.

உலகக் கோப்பையில் முதல் ஆட்டமே 32 வயதில்தான், 1982-ல். அதில் ஐந்து ஆட்டத்தில் ஒரே கோல் விட்டார். இங்கிலாந்துக்கு மொத்தம் 125 ஆட்டம். நடுவில் சில வருடம் இன்னொரு கீப்பர் ரே கிளெமென்ஸுக்கும் இவருக்கும் மாற்றி மாற்றி வாய்ப்பு கொடுத்தார்கள், அது இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும்.

காரைக்கால் பீச் எஃப்சி:
மரடோனா கோலில் ஷில்டனைக் கேலி செய்வது எனக்குப் பிடிக்காது, கை கைதான், ரெஃபரி பார்க்கவில்லை. ஆனாலும் கீப்பராக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், சுமார் 20 சென்டிமீட்டர் குள்ளமான ஆளோடு எம்பும்போது இவர் குத்து அவன் கைக்கு முன்னால் பந்தில் விழுந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜே தவறி உயரத்தில் பின்னால் தூக்கிய பந்து அது, கிளம்புவதில் கொஞ்சம் தாமதம். 1990 உலகக் கோப்பையில் மூன்றாவது இடத்துக்கான ஆட்டம், இங்கிலாந்துக்கு அவருடைய கடைசி, அதிலும் பந்தைக் காலடியில் போட்டுக்கொண்டு அசால்ட்டாக நின்றார். பின்னாலிருந்து இத்தாலியின் பாஜியோ வந்து தட்டிக்கொண்டு போய்விட்டான். வயது முதலில் தின்பது காலை இல்லை, பின்னால் யார் வருகிறார் என்ற கவனத்தை.

வெண்ணாறு வாசி:
அப்போ எங்கள் அண்ணனை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா? டைவ் அடித்தால் எழுந்திருக்க நேரமாகிறது, ஆனால் பாதிப் பந்து நேராக அவர் கைக்கே வருகிறது, அதுதான் குழப்பம்.

மாயவரம் கார்த்தி:
நேராகக் கைக்கு வருகிறது என்றால் அவர் நிற்கிற இடம் சரி என்று அர்த்தம். ஷில்டனும் அதில்தான் காலம் தள்ளினார், பயிற்சியில் வெறியர். அந்த 1980 ஃபைனலுக்கு ஸ்பெயின் போன இடத்தில் நல்ல புல்தரை கிடைக்கவில்லை என்று ரோட்டு ரவுண்டானா புல்லில் பயிற்சி செய்தார், வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே சுற்றிப் போனார்கள். நீங்கள் ஒன்று செய்யுங்கள், வெயில் இறங்கியதும் இரண்டு பக்க கார்னரிலிருந்தும் பந்தைத் தூக்கிப் போடுங்கள், நடுவில் இரண்டு தடியன்களை நிறுத்துங்கள். அண்ணன் கோல் லைனை விட்டு வந்து பிடித்தால் இன்னும் இரண்டு சீசன் தாராளமாக ஆடலாம். லைனிலேயே ஒட்டிக்கொண்டால் பையனுக்குக் கிளவுஸைக் கொடுங்கள்.

வெண்ணாறு வாசி:
சரி அண்ணே, ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்க்கிறோம். குமார் எழுதிய ஓரியண்ட் கதையை மட்டும் அவரிடம் காட்டப் போவதில்லை, அடுத்த ஊர் பி டீமில் சேர்ந்து ஆயிரம் முடிக்கிறேன் என்று கிளம்பிவிடுவார்.