அலுமினியப் போட்ல தண்ணி ஏறுது, சிலிக்கான் பூசியும் நிக்கல

புங்கோல்_தூண்டில்:
வணக்கம். நானும் மச்சானும் 12 அடி அலுமினியப் போட் ஒண்ணு செகண்ட்ஹேண்டா வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. சனிக்கிழமை விடிகாலையில உபின் தீவு பக்கம் தூண்டில் போடப் போவோம். இப்போ ஒரு மணி நேரத்துல கணுக்கால் அளவு தண்ணி. உள்ளே எவ்வளவு தேடியும் ஓட்டை தெரியல. பாத்ரூமுக்கு அடிக்கிற சிலிக்கானை, தகடுகளைச் சேர்க்கிற ரிவெட் ஆணி வரிசை முழுக்கப் பூசினேன், ரெண்டே தடவையில தோல் மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு. பேசாம வெல்டிங் பண்ணிடலாமா?

துவாஸ்_வெல்டர்:
அண்ணே, துவாஸ் ஷிப்யார்டுல எனக்கு 11 வருஷமா வெல்டிங்தான் சோறு போடுது. நானே சொல்றேன், வேணாம். ரிவெட் போட்ட தகடு மெல்லிசு. சூடு பட்டா நெளியும், பக்கத்து ரிவெட்டும் லூசாகும். அலுமினியம் 660 டிகிரியில உருகிடும், மேல இருக்கிற ஆக்சைடு படலம் உருக 2000க்கு மேல போகணும். பழகாத கையில கொடுத்தீங்கன்னா ஊசித் துளை கட்டைவிரல் நுழையிற ஓட்டையாத்தான் திரும்பி வரும்.

உள்ளே தேடாதீங்க. போட்டை டிரெய்லர்ல ஏத்தி, அடியை நல்லாத் துடைச்சுட்டு, உள்ளே தண்ணி ஊத்துங்க. கொஞ்சமாத்தான், நாலு அங்குலம் நின்னாலே முந்நூறு கிலோ பக்கம் வரும், டிரெய்லர் தாங்காது. அப்புறம் கீழே படுத்துப் பாருங்க. லூசான ரிவெட் தலையைச் சுத்தி வேர்வை மாதிரி துளிர்க்கும். மார்க்கர்ல வட்டம் போடுங்க.

லூசான ரிவெட்டைத் தட்டி இறுக்க ரெண்டு பேர் வேணும். வெளியே ஒருத்தர் ரிவெட் தலையில கனமான இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்கணும், உள்ளே ஒருத்தர் ரிவெட்டோட மறுமுனையை, அதான் வால் பக்கத்தை, சுத்தியலால தட்டணும். கட்டை நழுவினா தகடு குழி விழும், நானே விழ வெச்சிருக்கேன். தட்டியும் நிக்கலன்னா டிரில் பண்ணி எடுத்துட்டு, மூடின முனை பாப் ரிவெட் (ஒரு பக்கமிருந்தே கன் வெச்சு இழுத்து இறுக்குற ரிவெட்) போடுங்க. சாதா பாப் ரிவெட் நடுவுல துளை இருக்கும், அதுவே ஒழுகும். போடும்போது த்ரீஎம் 5200 மாதிரி பாலியூரித்தேன் சீலண்ட்ல தோய்ச்சுப் போடணும். முழுசா இறுக ஒரு வாரம் விடுங்க.

அந்தச் சிலிக்கானைச் சுத்தமாச் சுரண்டி எடுத்தாத்தான் மேல எதுவும் ஒட்டும். தேய்க்க ஸ்டெயின்லெஸ் பிரஷ் மட்டும். தேய்ச்ச கையோட சீலண்ட் பூசிடணும், தள்ளிப் போட்டா ஆக்சைடு படலம் திரும்பக் கட்டிக்கும்.

பிடோக்_அங்கிள்:
தம்பி, போட் உள்ளே கால் வைக்கிற பலகையைத் தூக்கிப் பாத்தீங்களா? என் பழைய போட்ல தூண்டில்ல கட்டுற ஒரு ஈயக் குண்டு அடியில உருண்டு போய் மாசக்கணக்கா உப்புத் தண்ணியில கிடந்திருக்கு. எடுத்தா அது கிடந்த இடத்துல சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. விரலால துடைச்சேன், கீழே தரை தெரிஞ்சுது லா. அடியில செம்பு கலந்த பெயிண்ட்டும் அடிச்சுடாதீங்க, அதுவும் அலுமினியத்தை அரிக்கும்.

புங்கோல்_தூண்டில்:
ரெண்டு பேருக்கும் நன்றி. நேத்து ஊத்திப் பாத்தோம். ஏழு வட்டம், ஆறு நடு பெஞ்சுக்கு நேர் கீழே. அஞ்சு தட்டினதுலயே நின்னுடுச்சு, ரெண்டுக்கு மூடின ரிவெட் வாங்கணும். சுரண்டுறதுக்குத்தான் அரை நாள் போச்சு, மச்சான் இன்னும் என்னைத் திட்டிக்கிட்டு இருக்கார். ஈயக் குண்டு இல்ல அங்கிள், ரெண்டு தூண்டில் முள்ளும் ஒரு பிஸ்கட் உறையும்தான்.

சொல்லவே வெக்கமா இருக்கு: ரிவெட்டை விட அதிகமா ஒழுகினது பின்னாடி தண்ணி வடிக்கிற ஓட்டையை அடைக்கிற பிளக். ரப்பர் வாஷர் காஞ்சு வெடிச்சுக் கிடந்துச்சு. புதுசு ரெண்டு வெள்ளி கூட ஆகல.